லாட்ஜில் தங்கியிருக்கிறேன் என்று சொன்ன நாள்

நல்ல சரக்கை மணல் சரக்கு என்று சொல்லி ஒரு லாரி லோடை நான் திருப்பியிருக்கிறேன். தெரியாமல் செய்ததல்ல. டம்ளரின் அடி சுத்தமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அது நான் தங்கியிருந்த வீட்டின் சரக்கு. அன்று காலையிலும் அந்த வீட்டில்தான் இட்லி சாப்பிட்டிருந்தேன்.

கோழித் தீவன ஆலைகளில் பர்ச்சேஸ் வேலைக்குச் சேர்பவர்கள் சிலர் என்னைப் பார்க்க வருகிறார்கள். புரோட்டீன், ஈரப்பதம், உப்பு, மணல் என்று கேட்கிறார்கள். அவற்றையெல்லாம் லேபில் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். வெளியூர் போனால் எங்கே தங்குவது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பிசகியது அதில்தான். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

பைக்கு ரூம் கிடையாது

நான் பரமத்தி வேலூர் பக்கம். வெற்றிலையும் வாழையும் வைத்த குடும்பம். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலையின் லேபில் சேர்ந்தேன். முட்டைக் கோழித் தீவனத்தில் அப்போது கருவாட்டுத் தூள் சேர்ப்போம். மனிதர் சாப்பிடும் கருவாடு அல்ல. வலையில் விழும் பொடி மீனைக் கடற்கரையிலேயே கொட்டிக் காயவைத்து மூட்டை பிடிப்பார்கள். மீனோடு மணலும் மூட்டைக்குள் வந்துவிடும். சரக்கு ஆலைக்கு வந்த பிறகு டெஸ்ட் செய்து சண்டை போடுவதைவிட, கடற்கரையிலேயே பார்த்து ஏற்றிவிடலாம் என்று எம்.டி. முடிவு செய்தார். அந்த வேலைக்கு என்னை அனுப்பினார்.

எங்கள் எம்.டி. படிக்காதவர். பண்ணையில் முட்டை பொறுக்கி ஆளானவர். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"ஏனுங்க கெமிஸ்ட்டு, அங்க போயி சப்ளையர் ஊட்டுல கை நனைச்சுப் போடாதீங்க. கை நனைச்சுட்டு வந்து அவஞ் சரக்க எப்பிடிக் கொற சொல்லுவீங்க?"

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். மனஸ்தாபம் உள்ள வீட்டில் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். ஒருமுறை கை நனைத்துவிட்டால் அந்த வீட்டைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டார்கள். அதை நினைத்துத்தான் அவர் சொன்னார்.

கிழக்குக் கடற்கரையில் ஒரு சிறிய ஊர். நான் சொல்லப்போகிறவர்கள் இன்றும் அங்கே இருப்பதால் பெயர் வேண்டாம். பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு லாட்ஜ் இருந்தது. மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு என் பையைப் பார்த்தார்.

"பையில என்ன சார்?"

"சாம்பிள்."

"என்ன சாம்பிளு?"

"கருவாடு."

"ஒங்களுக்கு ரூம் இருக்கு. பைக்கு இல்ல."

"பையை எங்க வைக்கறதுங்க?"

"அதுக்குத்தான் கடலு இருக்கு சார்."

அடுத்து ஊரின் பெரிய கருவாட்டு ஏஜெண்ட் எதிரே வந்தார். நான் இறங்கிய செய்தி எனக்கு முன்னால் அவரிடம் போயிருந்தது. "நாமக்கல்லேர்ந்து வர்ற ஆபீசர் எல்லாம் நம்ம கெஸ்ட் ஹவுஸ்லதான் சார். ஏ.சி. இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு. பேசக்கூட வேணாம், வந்து படுங்க" என்றார். படுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு பெண் வாசலில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இங்க தங்கறதுக்கு ரூம் ஏதாச்சும் கெடைக்குமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் வலையை அப்படியே கீழே போட்டார். "அண்ணா, எந்த ஊரு? சேலத்துப் பக்கமா?"

"நாமக்கல்லுங்க. பரமத்தி வேலூரு."

"நான் செவ்வாப்பேட்டைண்ணா!" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏங்க, இங்க வாங்க. எங்க ஊருக்காரரு வந்துருக்காரு!" என்று கத்தினார்.

உள்ளேயிருந்து வந்த கணவர் சூசை என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஃபைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர். "ஒரு வார்த்தையிலயே சொந்தமாயிட்டாரா? மாடிய ஒழிச்சுக் குடு. இல்லாட்டி எனக்குச் சோறு கெடைக்காது" என்றார்.

அவள் பெயர் பிலோமினா. சேலத்தில் மளிகை மண்டியில் வேலை பார்த்த ஒருவரின் மகள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

ஜன்னல்

மாடி அறைக்கு வெளியிலிருந்தே படி. ஒரு கட்டில், ஒரு மேசை, கிழக்கே ஒரு ஜன்னல். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கடல். அவ்வளவுதான். அலைச் சத்தம் முதலில் சில நாள் தூங்கவிடவில்லை. பிறகு ஊருக்குப் போனால் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. கொடியில் காயப்போட்ட சட்டை உப்புக் காற்றில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். அந்த மொரமொரப்போடு அதை மாட்டிக்கொண்டு காலையில் கருவாடு காயும் களத்துக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது. வாய்க்கால் தண்ணீரும் வெற்றிலைக் கொடிக்கால் நிழலுமாக வளர்ந்தவன் நான். இவ்வளவு வெட்டவெளியை வீட்டுக்குள் இருந்தபடி பார்க்க முடியும் என்று நினைத்ததே இல்லை.

அவளுக்கோ அந்தக் கடலைக் கண்டாலே சலிப்பு.

"எப்பப் பாத்தாலும் ஈரம்ணா. உப்பு ஜாடிக்குள்ளயே குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு. நம்ம ஊரு காஞ்ச காத்து ஒரு நாள் அடிச்சாப் போதும்."

சோறு போடும்போதெல்லாம் செவ்வாய்ப்பேட்டையைப் பற்றிக் கேட்பாள். "மொளகா மண்டித் தெருவுல இப்பவாச்சும் தும்மாம நடக்க முடியுதா? அந்தச் சந்துல டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் மூக்கு மூக்கா நின்னு திட்டிக்குமே, இன்னும் அப்பிடித்தானா?" நான் சேலம் போய்வருவது குறைவு. இருந்தாலும் அவளுக்காகவே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். வரும்போது தட்டுவடை வாங்கி வருவேன். பீட்ரூட்டையும் காரட்டையும் துருவி, இரண்டு சட்னி அரைத்து, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைத்து செட்டாக்கித் தருவாள். சூசை ஒன்றைக் கடித்துவிட்டு, "மீன் இல்லாம இதுல என்ன இருக்கு?" என்பார். "ஒங்களுக்கு வாய்க்குப் பதிலா தூண்டில வச்சுப் படைச்சுட்டாரு ஆண்டவரு" என்பாள்.

நான் அங்கே தங்கத் தொடங்கியபோது அவர்கள் எங்களுக்குச் சரக்குப் போடவில்லை. அதனால் கை நனைப்பதில் தவறு இல்லை என்று நினைத்தேன். அது சரியும்கூட.

ஒருநாள் பேச்சுவாக்கில் மணலைப் பற்றிச் சொன்னேன். என் பீக்கர் உடைந்துபோயிருந்ததால் அவள் வீட்டுக் கண்ணாடி டம்ளரை வாங்கிச் செய்து காட்டினேன். கருவாட்டை நுணுக்கித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, மேலே வருவதைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே போனால் மணல் மட்டும் அடியில் நிற்கும். விரல் அகலத்துக்கு நின்ற மணலைப் பார்த்து அவள் கேட்டாள்: "அப்ப மணல்ல காயப்போடாம இருந்தா?"

சூசை புது இன்ஜினுக்கு என்று சேர்த்து வைத்திருந்ததைப் போட்டு, வீட்டின் பக்கத்து மனையில் சிமெண்ட் தளம் போட்டார். தளத்துக்கு மேல் கம்பு நட்டு வலை கட்டி மீனைப் பரப்பினார்கள். அந்தக் கடற்கரையில் அப்படிக் காயவைத்த முதல் ஆட்கள் அவர்கள்தான். முதல் லோடை நானே டெஸ்ட் செய்தேன். டம்ளரின் அடியில் கண்ணாடிதான் தெரிந்தது.

அன்றைக்கே இரண்டில் ஒன்றை நான் செய்திருக்க வேண்டும். எம்.டி.க்குப் போன் செய்து, "நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்கள் சரக்குப் போடுகிறார்கள், டெஸ்டுக்கு வேறு ஆளை அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அல்லது பெட்டியை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போயிருக்கலாம். சாம்பிள் பையை வேறு எங்காவது வைத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. போனில் சொன்னால் அறையை விடச் சொல்வார். லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் பேருந்து நிலையத்துக் கழிப்பறை. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த ஜன்னல் வேண்டியிருந்தது.

எம்.டி. வந்த நாள்

பெரிய ஏஜெண்டின் சரக்கை மணலுக்காக இரண்டு முறை திருப்பியிருந்தேன். அவர் நாமக்கல்லுக்குப் போன் போட்டுவிட்டார். நான் ஒரு சப்ளையர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அவர்கள் சரக்கை மட்டும் பாஸ் செய்கிறேன் என்று சொன்னார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். ஆனால் முதல் பாதியைக் கேட்டவர் இரண்டாவதை நம்பத்தான் செய்வார்.

எம்.டி. சொல்லாமல் காரில் வந்து இறங்கினார். நேராகச் சிமெண்ட் களத்துக்கே வந்தார். ஏஜெண்டும் கூட வந்தார். அன்று லோடு தயாராக இருந்தது. லாரியும் வந்து நின்றது. சூசை மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். பிலோமினா எம்.டி. பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "வாங்கய்யா, நம்ம ஊரு பேச்சு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தாள்.

எம்.டி. அவளைக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க கெமிஸ்ட்டு, நீங்க எங்க தங்கீருக்கறீங்க?"

எனக்கு அப்போது இரண்டு பெண்களுக்குக் கல்லூரி. வேலை போய்விடும் என்று பயந்தேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"லாட்ஜ்லீங்க" என்றேன்.

பிலோமினா பக்கத்தில்தான் நின்றாள். மாடியில் கொடியில் என் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது.

"செரி. இந்தச் சரக்கு எப்பிடி? இப்ப ஒருக்கா பாருங்க."

அவள் உள்ளே போய் அதே டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். நுணுக்கினேன், கலக்கினேன், சாய்த்து ஊற்றினேன். அடியில் ஒன்றும் இல்லை. பாஸ் என்று சொன்னால் ஏஜெண்ட் சொன்னது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். மிச்சத் தண்ணீரைச் சட்டென்று மண்ணில் கொட்டினேன்.

"மணல் இருக்குதுங்க. வேண்டாமுங்க" என்றேன்.

சூசை தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "சார், தளத்துல ஏது சார் மணலு? இன்னொரு தடவ பாருங்க."

"பாத்தாச்சு" என்றேன்.

எம்.டி. டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நேராகப் போய்க் காரில் ஏறிவிட்டார். லாரி காலியாகத் திரும்பியது.

சாயங்காலம் அறையைக் காலி செய்யப் போனேன். கொடியில் இருந்த சட்டை மடித்துக் கட்டில்மேல் வைக்கப்பட்டிருந்தது. படியிறங்கும்போது பிலோமினா வாசலில் நின்றாள். அழவில்லை. சத்தமும் போடவில்லை.

"லாட்ஜ்ல சாப்பாடெல்லாம் நல்லாருக்குங்களாண்ணா?"

பெட்டியோடு தெருவில் இறங்கினேன்.

நாமக்கல் கம்பெனி திருப்பிய சரக்கு என்று தெரிந்ததும் வேறு யாரும் அதைத் தொடவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளைத் தென்னந்தோப்புக்கு உரமாகக் கொட்டிவிட்டார்கள் என்று லாரி டிரைவர் சொன்னார். தளத்தில் மறுபடி மீன் காயவில்லை.

அடுத்த மாதமே என்னை லேபுக்குள் மாற்றினார்கள். பர்ச்சேஸ் பக்கம் பிறகு நான் போகவில்லை. வேலை மட்டும் தங்கியது. வீட்டில் ஃபேன் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு படுப்பேன். காற்று ஓடும் சத்தம் கொஞ்சம் அலை மாதிரி இருக்கும். மனைவி, "ஏனுங்க, மார்கழில எதுக்குங்க ஃபேனு?" என்பாள். புழுக்கம் என்று சொல்லிவைப்பேன்.

இரண்டு பேரிடம் சொன்னது

ஓய்வு பெற்ற பிறகு முதலில் எம்.டி.யிடம் போனேன். அவரும் ஆலையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அந்த லோடில் மணல் இல்லை, நான் லாட்ஜில் தங்கவும் இல்லை என்றேன்.

"தெரியுமுங்க" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"டம்ளரு அடி எனக்குந் தெரிஞ்சுதுங்க. மாடில தொங்குன சட்டை எங்க கம்பெனி சட்டை. கை நனைச்ச ஊட்டையே கொற சொல்றாரே இந்த மனுசன்னு இருந்துச்சு. அதான் உங்கள உள்ள போட்டேன். கை நனைச்சது கெடக்குது, போங்க. 'ஆமாங்க, இவங்க ஊட்டுலதான் இருக்கறேன், சரக்கும் நல்ல சரக்கு'ன்னு சொல்லீருந்தீங்கன்னா அன்னைக்கே லோடு ஏத்தீருப்பேன்."

"அப்பவே நீங்க ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமுங்களே."

"ஆமாங்க. நானும் சொல்லல" என்றார். உள்ளே பார்த்து எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு கடற்கரை ஊருக்குப் போனேன். செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை வாங்கிக்கொண்டேன். சிமெண்ட் தளத்தில் வெளியூர்க் கார்கள் நின்றிருந்தன. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். சூசை கடலுக்குப் போவதில்லை. காதும் மந்தமாகியிருந்தது. வாசலில் உட்கார்ந்து கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். பிலோமினாவுக்கு நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள். வா என்று சொல்லவில்லை.

வாசலில் நின்றபடியே சொன்னேன். "அன்னைக்கு உங்க சரக்குல மணல் இல்லீங்கம்மா. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதாண்ணா? டம்ளர கழுவுனது நான்தான்."

சூசை காதருகே கையைக் குவித்தார். "என்ன சொல்றாரு?"

"சரக்குல மணல் இல்லையாம்" என்று சத்தமாகச் சொன்னாள்.

"அவரையே சொல்லச் சொல்லு."

நான் அவர் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னேன். கார் அருகே நின்ற யாரோ ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. "இன்னொரு தடவ" என்றார் சூசை. மறுபடியும் சொன்னேன். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்தப் பெரிய ஏஜெண்ட் இறந்துவிட்டார். அன்று பக்கத்துக் களங்களில் நின்று பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் மீன் ஏலக் கூடத்துப் பக்கம் இருந்தார்கள். அவர்களிடமும் போய்ச் சொன்னேன். ஒருவர், "அது சரி சார், இப்பக் கருவாடு யாரு வாங்குறா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் கெடுத்த பெயரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதை வாங்கிக்கொள்ள அந்தத் தொழிலே அங்கே இல்லை.

திரும்பி வந்து, "மாடி ரூம் கெடைக்குமுங்களாம்மா? ஒரு நாளைக்கு" என்று கேட்டேன்.

"ஆள் இருக்காங்கண்ணா" என்றாள்.

மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

தட்டுவடைப் பொட்டலத்தை நீட்டினேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு வாங்கிப் பிரித்தாள். ஒன்றை எடுத்து நின்றபடியே கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"மொளகா மண்டித் தெரு இருக்குதாண்ணா?"

"இருக்குதுங்கம்மா. இப்பவும் தும்மல்தான்."

அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பேருந்து நிலையத்து லாட்ஜில் அறை எடுத்தேன். இந்த முறை கையில் சாம்பிள் இல்லை. சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. சூசை ஒரு தூக்குப் போசியுடன் நின்றார். நடந்தே வந்திருந்தார்.

"லாட்ஜ்லதானே தங்கியிருக்கீங்க, அங்கயே சாப்பிடட்டும்னு குடுத்து உட்டா" என்றார். திட்டுகிற குரலா, சாதாரணமாகச் சொன்னதா என்று தெரியவில்லை. காது கேளாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்கிறார்கள். சோறும் மீன் குழம்பும் இருந்தன. ஓரத்தில் ஒரு தட்டுவடை செட்டு, இரண்டு சட்னியோடு. அவர் கட்டிலில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். போசியைக் கழுவப் போனேன். "வேணாம், அவ கழுவிக்குவா" என்று வாங்கிக்கொண்டு போனார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். வெளியூரில் தங்க இடம் பார்க்கும்போது மெத்தையையும் ஃபேனையும் பிறகு பாருங்கள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று உங்கள் முதலாளி நாலு பேர் முன்னால் கேட்டால் அந்த இடத்தின் பெயரை உரக்கச் சொல்ல முடியுமா என்று முதலில் பாருங்கள். சொல்ல முடியாது என்று தோன்றுகிற அன்றே பெட்டியை எடுத்துவிடுங்கள். ஜன்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இப்போது வருடத்துக்கு ஒருமுறை போய்வருகிறேன். கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து மாடி அறையைக் கேட்பேன். "ஆள் இருக்காங்கண்ணா" என்பாள். லாட்ஜில் தங்குவேன். சாயங்காலம் போசி வரும். இந்த வருடமும் கேட்டேன். அதே பதிலைச் சொன்னாள். ஆனால் உடனே போனை வைக்கவில்லை. அவள் மாடியில் நின்று பேசியிருக்க வேண்டும். அவள் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் போனில் கடல் கேட்டது.